பின்கை நிலை

டிஜிட்டல் மற்றும் ஊடகத் துறை வாழ்க்கைத்தொழில் தேடல் மையத்தில் சேர்ந்த முதல் நாளே சின்னவள் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டாள். என்ன வேலை பார்க்க ஆசை என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லிவிட்டாள்.

“சவுண்டு மேடம். ரெக்கார்டிங், நேரலைக்குச் சத்தம் பார்த்துக்கறது, அந்த மாதிரி.”

எதிரே இருந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். எக்ஸ்ரேயைப் பார்த்து முடித்த டாக்டரின் கவலை அவர் முகத்தில் வந்துவிட்டது.

“எப்பலேர்ந்து இப்படி?”

“எப்படி மேடம்?”

“என்ன வேணும்னு தெளிவாத் தெரியுதுங்கறீங்களே, அது.”

“சின்ன வயசுலேர்ந்தே.”

“வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?”

“அக்காவுக்கு இருந்துச்சு மேடம். நர்ஸ் ஆகணும், நர்ஸ் ஆகணும்னு சொல்லிட்டே இருந்தா. ஆயிட்டா.”

“பாவம்” என்றார் அம்மாள், மனதாரவே. “பரவாயில்லை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. சரி பண்ணிடலாம்.”

இப்படித்தான் அவள் தெளிவு நீக்கும் வகுப்பில் உட்கார நேர்ந்தது. இதில் யாரும் சிரிக்க வேண்டாம். மையத்தின் பெயரிலேயே தேடல் இருக்கிறது. வந்தவுடன் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒருத்தி நின்றால், இரண்டு வருடப் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வகுப்பில் சுவர் முழுக்க வட்டங்கள் வரைந்து, வட்டத்துக்கு ஒரு வேலை எழுதியிருந்தார்கள். காணொளித் தொகுப்பு, அசைபடம், விளம்பர வாசகம், விளையாட்டு வடிவமைப்பு, சமூக ஊடகப் பராமரிப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. எந்த வட்டத்தைப் பார்த்தாலும் கண்ணைச் சட்டென்று அடுத்த வட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரே வட்டத்தில் பார்வை நின்றால் வாத்தியாரம்மா அளவுகோலால் மேசையைத் தட்டுவார். என்ன ஆகப் போகிறாய் என்ற கேள்விக்கு, “தெரியலை மேடம்” என்று தடுமாறாமல் சொல்லப் பழகியதும் சின்னவள் தேறிவிட்டாள். பொய் சொல்லித் தேறினாள் என்பது வேறு விஷயம். உள்ளே ஆசை அப்படியே இருந்தது, அடுப்பில் சாம்பல் மூடிய நெருப்பாக.

அவளுக்கு வயது இருபத்தெட்டு. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் இன்னும் எல்லோருக்கும் சின்னவள்தான். அக்காவின் கணவர் குழாய்க் கடை வைத்திருந்தார். குழாய், வால்வு, வாஷர், தண்ணீர்த் தொட்டிக்கு மிதவை. இரண்டாவது கடை திறக்கிறார், கடையைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் வேண்டும்.

“உனக்காக இடம் வெச்சிருக்கேன்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும். அதுக்கு மேல வெளியாளைப் போட்டுடுவேன், அத்தான் மேல கோச்சுக்கக் கூடாது.”

கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். அத்தான் தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் வைக்கும் கெடு இருக்கிறதே, அது தொண்டையில் முள்ளாக நிற்கும். ஒருதரம் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்தால் வெளியே வர மாட்டோம், ஒலியாவது கிலியாவது என்று ஆகிவிடும் என்று சின்னவளுக்குப் பயம். அந்தப் பயம்தான் அவளைத் தினமும் மையத்துக்கு ஓட வைத்தது.

வகுப்பில் தேறியவர்களை நிழல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலை செய்கிற நிபுணருக்குப் பின்னால் நிழல்போல நின்று, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் பயிற்சி. பழைய பொய்க்குப் பரிசாக அவளுக்கு ஒலி அறையே கிடைத்தது. அன்று அவள் படியெல்லாம் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

ஒலி அறை பெரிய அரங்கத்தின் பின்சுவரில் உயரமாக இருந்தது. கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே மேடையும் கூட்டமும் தெரியும். ஜன்னலை ஒட்டி ஒலிப் பலகை. மேலும் கீழும் தள்ளுகிற குமிழ்கள் அதில் வரிசையாக இருந்தன. வாங்கி வந்த நாளில் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றியிருக்கவில்லை. அதன் எதிரே நாற்காலியில் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இன்னொருவர் என்று வரிசை கதவு வரை வந்துவிட்டது. கதவோரம் சின்னவள்.

“கை எங்க இருக்கணும்?” என்று கேட்டார் கொண்டுவந்து விட்ட ஒருங்கிணைப்பாளர் அம்மாள்.

“எங்க மேடம்?”

“முதுகுக்குப் பின்னால. ஒரு கையால இன்னொரு மணிக்கட்டைப் பிடிச்சுக்கணும். இதுக்குப் பின்கை நிலைன்னு பேரு. இங்க சேர்ந்தவங்களுக்குத் தேடலர்னு பேரு. தேடலர் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. தொட்டா அது வேலை. வேலை செய்யறவங்க தேடலர் இல்லை. பேரை அடிச்சிடுவோம்.”

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டாள். முதல் நாள் முழுக்க முன்னால் நின்றவரின் காலர் தையலைப் பார்த்தாள். மறுநாளும் அதையே பார்த்தாள். நாற்காலிக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தால் அவரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் நிமிர்ந்து, உரிமையோடு, செய்யாமல் இருந்தார். நிபுணர் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வரிசையில் நின்ற ஒரு முன்னாள் கணக்கு வாத்தியாரிடம் காதோடு காதாகக் கேட்டாள்.

“சார், அவர் எப்ப சார் பலகையைத் தொடுவாரு?”

“யாரு, மூட்டுவலியா? அவர் எப்படிம்மா தொடுவாரு? அவரும் தேடலர்தானே.”

“அப்ப எதுக்கு நாற்காலில உக்காந்திருக்காரு?”

“மூட்டுவலிம்மா.”

விஷயம் இவ்வளவுதான். ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் உண்மையான ஒலிக்காரர் ஒருவர் இருந்தார். டீ குடிக்கப் போனவர் வேறு ஊரில் வேலை கிடைத்து அப்படியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர், கால் வலி தாங்காமல் உட்கார்ந்தார். பின்னால் நின்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டே இருக்கிறார்கள். மையத்தின் ஒளிபரப்பு அன்றிலிருந்து ஊமையாகவே போகிறது. யாரும் கேட்கவில்லையா என்றால், அந்த ஒளிபரப்பைப் பார்ப்பது ‘பார்வையாளர் அனுபவம்’ என்ற பாடத்தில் இருக்கும் முதல் வருடத் தேடலர்கள் மட்டும்தான். குறை சொல்வது மூன்றாம் பருவப் பாடம். அது இன்னும் வரவில்லை.

“இதை யார்கிட்டயாவது சொல்லலாமே சார்” என்றாள் சின்னவள்.

“சொன்னா நிபுணர் இல்லைன்னு அறையை மூடிடுவாங்க. அப்புறம் நீ எங்க நிப்பே, நான் எங்க நிப்பேன்?”

வாத்தியார் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஆண்டு விழா அறிவிப்பு வந்தது. அமைச்சர் வருகிறார், முழு நேரலை, மையத்தின் அலைவரிசையில் மட்டுமல்ல, ஊருக்கெல்லாம் தெரிகிற பெரிய அலைவரிசையிலும். விழா நாள் மாலையில் ‘ஒலிப் பொறுப்பாளர்’ என்ற நிரந்தரப் பதவிக்கு நேர்காணல். நிழல் பயிற்சியில் கறைபடாமல் நிற்கும் தேடலர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். சின்னவள் அன்றே மனு போட்டாள். விழா நாள்தான் மாதத்தின் கடைசி நாள். அத்தானுக்குப் போன் போட்டு, அன்றைக்குச் சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்றாள். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், “எங்க சின்னவ சத்தம் போடப் போறா, டிவியில பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விழா நாள் காலை. அரங்கம் நிரம்பி வழிந்தது. ஒலி அறையில் வரிசை கலையாமல் நின்றது. மூட்டுவலி புதுச் சட்டை போட்டிருந்தார். கீழே ஒருங்கிணைப்பாளர் அம்மாள் மேடை ஓரமாக நின்றார். அவர் கையை உயர்த்தினால் கூட்டம் கைதட்ட வேண்டும், அதுவும் ஒரு பாடம்.

மையத்தின் இயக்குநர் எழுந்து மைக் முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நேரலை போய்க்கொண்டிருந்தது. அமைச்சர் காதைத் தடவிக்கொண்டார். இயக்குநர் மைக்கைத் தட்டிவிட்டு, அரங்கத்தின் தலைக்கு மேலாக ஒலி அறையை நிமிர்ந்து பார்த்தார்.

மூட்டுவலியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. “யாராவது ஏதாவது செய்யுங்கப்பா” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. யாரும் அசையவில்லை. எல்லோர் கையும் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று திருடனைப்போலப் பிடித்துக்கொண்டிருந்தது.

சின்னவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டார் எல்லோரும் நம் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து ஊமைப் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வரிசையை விட்டு விலகினாள். எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. வாத்தியாரைத் தாண்டி, மூட்டுவலியின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துக் குமிழை மேலே தள்ளினாள். இதற்கு ஞானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மேலே தள்ளினால் சத்தம் வரும் என்று பக்கத்திலேயே படம் போட்டிருந்தது.

இயக்குநரின் குரல் அரங்கத்தை அடைத்தது.

“...எங்களைப் பார்த்து, எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் குடுத்தீங்கன்னு கேக்கறாங்க. பெருமையாச் சொல்றேன், இங்க சேர்ந்த தேடலர்கள் இன்னைக்கும் இங்கதான் இருக்காங்க! எந்தக் கல்லூரி இப்படி மார்தட்ட முடியும்? வேலைன்னு போனா ஒருத்தருக்கு ஒரு வேலைதான் கிடைக்கும். தேடலர்னா எல்லா வேலையும் அவருக்கு முன்னால இருக்கு. நான் இந்தத் துறையில ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. அதனாலதான் எந்த வேலை மேலயும் எனக்குப் பாரபட்சம் கிடையாது!”

அம்மாள் கையை உயர்த்தினார். கைதட்டல் அதிர்ந்தது. அமைச்சரும் தட்டினார். சின்னவள் திரும்பி வந்து கதவோரம் நின்று கையைக் கட்டிக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் தூசி ஒட்டியிருந்தது. யார் கண்ணிலும் படாமல் உடையில் தேய்த்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே விசாரணை வந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் அம்மாளும் மையத்தின் விதிகள் ஆலோசகரும் ஒலி அறைக்கு வந்தார்கள். ஆலோசகர் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே பயம் அதிகம். பிளாஸ்டிக் உறைமேல் படிந்த தூசியில் ஒரு விரல் தடம் நேர்கோடாகப் போயிருந்தது. அதை அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

“மேடையில முதல்ல சத்தம் வரலை. அப்புறம் வந்துச்சு. இங்க யாரோ வேலை செஞ்சிருக்காங்க.”

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூட்டுவலி எழுந்தார்.

“நான் நாற்காலில உக்காந்தது உண்மை சார்” என்றார் மூட்டுவலி. குரல் உடைந்துவிட்டது. “ஆனா இதுவரைக்கும் ஒரு வேலையும் செஞ்சதில்லை. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

“நீங்க?”

“எனக்கு முன்னால இருக்கறவரைத்தான் பார்த்துட்டிருந்தேன்” என்றார் வாத்தியார். “அதுதானே சார் பயிற்சி.” வரிசையில் எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். கடைசியில் ஆலோசகர் சின்னவளுக்கு எதிரே வந்து நின்றார்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அலறிற்று. அம்மா. “எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மாள்.

“சின்னவளே! முதல்ல ஊமையா இருந்துச்சுடி, அப்புறம் பளிச்சுனு கேட்டுச்சு! எதிர் வீட்டு மாமா கை தட்டினாரு. நீதானே அது?”

ஆமாம் என்றால் பேர் போய்விடும், மாலை நேர்காணலும் போய்விடும். இல்லை என்றால்...

“இல்லம்மா. நான் இல்லை.”

“ஓ” என்றாள் அம்மா. அந்த ஒரு எழுத்தில் இருந்த ஏமாற்றம் விசாரணைக்கு வந்தவர்களுக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஆலோசகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பெற்ற தாயிடமே பொய் சொல்ல வைத்த இடம் உருப்படுமா என்று சின்னவள் மனதுக்குள் சபித்தாள். வெளியே கையைக் கட்டியபடி நின்றாள்.

அவர்கள் போனதும் வாத்தியாரிடம், “காட்டிக் குடுக்காம இருந்ததுக்கு நன்றி சார்” என்றாள்.

“உனக்காக இல்லம்மா. பார்த்தேன்னு சொன்னா, ஏன் தடுக்கலைன்னு கேப்பாங்க. நானும் அந்தப் பதவிக்கு மனு போட்டிருக்கேன்.”

பிற்பகல் நிகழ்ச்சி தொடங்கியது. அமைச்சர் போய்விட்டார், பெரிய அலைவரிசையும் போய்விட்டது. ஆனால் அரங்கம் நிறைந்துதான் இருந்தது, வருகைப்பதிவு உண்டு. மேலே குமிழ் காலையில் தள்ளிய இடத்திலேயே நின்றதால் சத்தத்துக்குக் குறைவில்லை. இயக்குநர் முகம் மலர வந்து நின்றார்.

“ஒரு மகிழ்ச்சியான செய்தி. காலையில நம்ம ஒலி கொஞ்ச நேரம் நின்னு, பிறகு வந்துச்சு. உடனே விசாரிச்சோம். நம்ம விதிகள் ஆலோசகர் அருமையாக் கண்டுபிடிச்சிருக்கார். ஒலி அறையில பதவி நிரப்பப்படலை. பதவி நிரப்பாத இடத்துல வேலை நடக்க வழியில்லை. வேலை நடக்காமலே சத்தம் வந்திருக்கு. ஆகவே, சத்தம் தானாவே வரும்!”

அம்மாள் கையை உயர்த்தினார். கைதட்டல்.

“அதனால ஒலிப் பொறுப்பாளர் பதவி இன்னைக்கே நீக்கப்படுது. சாயங்கால நேர்காணலுக்குப் பதிலா, மனு போட்ட எல்லாருக்கும் இன்னும் இரண்டு வருஷம் ஒலித் தேடல் நீட்டிக்கப்படுது!”

இந்தமுறை கைதட்டல் இன்னும் பெரிதாக இருந்தது.

ஆக, சின்னவள் செய்த வேலைதான் அவளுடைய வேலையைத் தின்றுவிட்டது. செய்யாமல் இருந்திருந்தால் ஒரு ஆள் வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். செய்தேன் என்று சொல்லியிருந்தால் ஒரு ஆள் செய்தாள் என்றாவது தெரிந்திருக்கும். செய்தும் சொல்லாமல், இரண்டு பக்கமும் போயிற்று. காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“தள்ளுங்க” என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. வரிசை விலகியது.

“என்னம்மா பண்றே?” என்றார் மூட்டுவலி.

“தானா வருதான்னு பார்க்கறேன் சார்.”

குமிழைக் கீழே இழுத்தாள், அடி வரைக்கும். இயக்குநரின் குரல் அறுந்தது. அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் குமிழ் மேல் விரலை வைத்தபடி காத்திருந்தாள். இப்போது யாராவது ஓடி வருவார்கள். கதவைத் தட்டுவார்கள். சத்தம் போச்சு, யாராவது ஏத்துங்க என்று கத்துவார்கள். அப்போது சொல்லிவிடலாம்: காலையில் ஏற்றியதும் நான்தான், வேலை கொடுங்கள், இப்போதும் ஏற்றுகிறேன். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பேர் போனால் போகட்டும்.

இந்தமுறை இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை, சத்தம்தான் தானாக வருமே. பேசினார். விரலை நீட்டிப் பேசினார், நெஞ்சில் கைவைத்துப் பேசினார், ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பேசினார். முன்வரிசை தலையாட்டியது, பின்வரிசை அதைப் பார்த்துத் தலையாட்டியது. அம்மாள் கையை உயர்த்தினார், கைதட்டினார்கள். மறுபடி உயர்த்தினார், மறுபடி தட்டினார்கள். கூட்டம் இத்தனை அமைதியாகக் கேட்டதை இயக்குநர் கண்டதில்லை போலும், வழக்கத்தைவிட நெடுநேரம் பேசிவிட்டு, கைகூப்பி, மாலை மரியாதைகளோடு இறங்கினார். ஒலி அறையின் கதவை யாரும் தட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். சின்னவளின் கை இன்னும் பலகை மேலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அம்மாள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

“இயக்குநர் சொல்லி அனுப்பினார். காலையிலகூட இரைச்சல் இருந்துச்சாம், மத்தியானம் ஒலி அவ்வளவு சுத்தமாம். பார்த்தீங்களா, ஆளே இல்லாம!”

சின்னவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். பையை எடுத்துக்கொண்டு, வரிசையைத் தாண்டி, படியிறங்கி, வாசலுக்கு வந்தாள். நேர்காணலுக்கென்று தேய்த்துப் போட்டு வந்த உடை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, வேலை கிடைச்சுதா?”

“அத்தான், கடையில நான் என்ன செய்யணும்?”

கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லை என்று அத்தானுக்குப் புரிந்துவிட்டது. மேலே கேட்காமல் விட்டார். “என்னத்த செய்யணும். ஆளுங்க வருவாங்க. குழாய் எடுத்துக் காட்டணும். திருகிப் பார்த்து, தண்ணி வருதான்னு பார்த்துக் குடுக்கணும். வரலைன்னா மறுநாளே கொண்டாந்து மூஞ்சியில வீசுவாங்க, அதான் ஒரு கஷ்டம்.”

“வரலைன்னா வந்து சொல்லுவாங்களா?”

“சொல்லாம இருப்பாங்களா? ஊரையே கூட்டுவாங்க.”

இருபத்தெட்டு வயதுக்காரி நடுத்தெருவில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஓவென்று அழுதாள்.

“நாளைக்கே வர்றேன் அத்தான்” என்றாள்.